கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழர் முதல்: வழிகள் பல, கேள்விகள் மூன்று

பங்குச் சந்தையில் பெரும்பொருள் ஈட்டியவர்களின் வரலாறுகளை விரும்பிப் படிப்போர் தொகை இன்று பெருகியுள்ளது. அவர்கள் எதை வாங்கினர், எப்பொழுது விற்றனர், எத்தனை ஆண்டுகள் பொறுத்திருந்தனர் என்றெல்லாம் ஆராய்ந்து, அவ்வழியே நடந்தால் தாமும் உயரலாம் என எண்ணுவது மனித இயல்பே. ஆயினும் அவ்வரலாறுகளை ஒருங்கே வைத்துப் படிப்பவருக்கு ஓர் ஐயம் எழாமற் போகாது. ஒருவர் மேற்கொண்ட வழி மற்றவர் வழிக்கு நேர்மாறாக இருக்கிறது. எனினும் இருவருமே வென்றிருக்கின்றனர். அங்ஙனமாயின் யாரைப் பின்பற்றுவது?

அமெரிக்கப் பேராசிரியர் பெஞ்சமின் கிரஹாம், ஒரு நிறுவனத்தின் உண்மையான மதிப்பைக் கணக்கிட்டு, அதற்கு மிகவும் குறைந்த விலையில் பங்கு கிடைத்தாலன்றி வாங்கலாகாது என்று போதித்தார். 1929-ம் ஆண்டுச் சரிவில் தாமே பெருநட்டம் அடைந்து கற்ற பாடம் அது. ஜான் டெம்பிள்டன் என்பவர் 1939-ம் ஆண்டில், ஐரோப்பாவில் போர் மூண்ட வேளையில், ஒரு டாலருக்கும் கீழே விற்ற 104 நிறுவனங்களின் பங்குகளை ஏறத்தாழ நூறு நூறு டாலருக்கு வாங்கிப் போட்டார். அவற்றுள் 34 நிறுவனங்கள் அப்பொழுதே திவாலில் இருந்தவை. பரப்பி வைப்பதே காப்பு என்பது அவர் கொள்கை. ஆங்கிலப் பொருளாதார அறிஞர் கெய்ன்ஸ் இதற்கு மாறானவர். கேம்பிரிட்ஜில் உள்ள கிங்ஸ் கல்லூரியின் நிதியை நிர்வகித்த அவர், தொடக்கத்தில் சந்தையின் ஏற்றத்தாழ்வை முன்னரே அறிந்து வாங்கி விற்க முயன்றார். அம்முயற்சி பலன் தரவில்லை. பின்னர்த் தாம் நன்கு அறிந்த சில நிறுவனங்களை மட்டும் தேர்ந்து நெடுங்காலம் வைத்திருக்கும் வழிக்கு மாறி வெற்றி கண்டார். ஜார்ஜ் சோரஸோ 1992-ம் ஆண்டு செப்டம்பரில் பிரிட்டிஷ் பவுனின் மதிப்பு வீழும் எனத் துணிந்து, மிகச் சில நாட்களில் ஏறத்தாழ நூறு கோடி டாலர் ஈட்டினார்.

இம்முரண்பாட்டுக்கு விடை தேட நியூயார்க்கும் லண்டனும் செல்ல வேண்டுவதில்லை. கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் துறைமுகம் வரை நீளும் பள்ளத்தாக்கில், ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் தமிழர் தம் பணத்தைப் பல்வேறு வழிகளில் முதலீடு செய்து வந்துள்ளனர். அவற்றுள் வென்றவையும் உண்டு, வீழ்ந்தவையும் உண்டு. அவற்றை அடுத்தடுத்து வைத்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். ஒரு வழி நல்லதா தீயதா என்பது அந்த வழியால் மட்டும் முடிவு செய்யப்படுவதில்லை. இட்ட பணம் யாருடையது, அஃது எத்தனை காலம் பொறுத்திருக்க வல்லது, அதன் கணக்கைக் கேட்கும் உரிமை யாருக்கு உண்டு என்னும் மூன்று கேள்விகளுக்கான விடையே அதனை முடிவு செய்கிறது.

அம்பாங் வீதிக் கிட்டங்கிகள்

கோலாலம்பூரில் இன்று லெபோ அம்பாங் என வழங்கும் வீதி, முன்னாளில் நாட்டுக்கோட்டை நகரத்தாரின் வட்டித் தொழிலுக்கு நிலைக்களனாக விளங்கியது. நீண்டு கிடந்த கிட்டங்கிகளில், ஒரே கூடத்தில், பல விலாசங்களின் மேலாட்கள் ஆளுக்கொரு பெட்டியுடன் தரையில் அமர்ந்து தொழில் நடத்தினர். அடுத்தாளும் பெட்டியடிப் பையனும் அவர்களுக்கு உதவியாயினர். வங்கிகள் ஐரோப்பியருக்கும் பெருவணிகருக்குமே கதவு திறந்த காலத்தில், ஈயச் சுரங்கம் நடத்திய சீனரும், சிறு ரப்பர்த் தோட்டம் வைத்திருந்த மலாய்க்காரரும், அரசாங்க எழுத்தர்களும் இக்கிட்டங்கிகளை நாடினர்.

இவர்களுடைய முதலீட்டு வழியில் நான்கு கூறுகள் உண்டு. முதலாவது, கடன் கேட்பவனை நேரில் அறிந்து, அவனுடைய தொழிலையும் நாணயத்தையும் எடைபோட்டுக் கொடுப்பது. இரண்டாவது, நிலக் கிராண்டையோ நகையையோ ஈடாகப் பெறுவது. மூன்றாவது, பணத்தை ஓரிடத்தில் உறங்க விடாமல் தவணைதோறும் திரும்பப் பெற்று மீண்டும் கொடுப்பது. நான்காவது, ஊரிலிருந்து வந்த மேலாள் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் இருந்து, கணக்கு முடித்து ஐந்தொகை கட்டி, பொறுப்பை அடுத்தவரிடம் ஒப்படைத்துத் திரும்புவது. மேலாளுக்கு ஊதியத்துடன் இலாபத்திலும் பங்கு உண்டாதலால், ஊரில் இருந்த முதலாளியின் நலனும் கடல் கடந்து இருந்தவனின் நலனும் ஒன்றுபட்டு நின்றன.

இப்பணம் யாருடையது? ஒரு பகுதி முதலாளியின் சொந்த முதல். மற்றொரு பகுதி உறவினரும் ஊராரும் கோயில்களும் இட்டு வைத்த மேம்பணம். அதற்கும் வட்டி கொடுத்தாக வேண்டும். ஆகவே இஃது ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய பணம். இவர்களுக்கு நிலம் ஈடாக இருக்க வேண்டியதேயன்றி உடைமையாக வந்து சேர வேண்டியதன்று.

ஆனால் அதுவே நேர்ந்தது. 1910-ம் ஆண்டில் லண்டன் சந்தையில் ஒரு ராத்தல் ரப்பர் 12 ஷில்லிங்குக்கு மேல் விலை போயிற்று; நூற்றுக்கு நூறையும் கடந்து பங்காதாயம் கொடுத்த தோட்டக் கம்பெனிகள் அந்நாளில் இருந்தன. 1932-ம் ஆண்டில் அதே ராத்தல் 2 பென்னிக்கும் கீழே இறங்கியது. கடன் பட்டவர்களால் வட்டியும் கட்ட இயலவில்லை. நகரத்தாரின் கைக்குப் பணத்துக்குப் பதிலாக நிலம் வரத் தொடங்கியது. நிலம் கைமாறுவதைத் தடுக்கக் கூட்டு மலாய் மாநிலங்களில் 1931-ல் சிறு தோட்ட விற்பனைக் கட்டுப்பாட்டுச் சட்டமும், 1933-ல் திருத்திய மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டமும் பிறந்தன. குடியானவனின் நிலத்தைக் காக்க நினைத்த அரசின் நோக்கில் இவை நியாயமானவை. ஆனால் ஈட்டை நம்பிக் கடன் கொடுத்தவனுக்கு ஈடு பயனற்றதாயிற்று.

பர்மாவில் நேர்ந்தது இதனினும் கொடிது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் விளைநிலத்தில் 6 விழுக்காடு மட்டுமே செட்டியார்கள் கையில் இருந்தது. 1938-க்குள் அஃது ஏறத்தாழ 25 விழுக்காடாயிற்று. பெயரளவில் பெருஞ்செல்வம், உண்மையில் விற்க இயலாத மண். 1942-ல் ஜப்பானியப் படையெடுப்பும், விடுதலைக்குப் பின் நில நாட்டுடைமையும் அதனையும் கொண்டுபோயின. மலாயாவில் ஜப்பானியர் ஆட்சியின்போது, வாழைமரப் படம் அச்சிட்ட மதிப்பிழந்த நோட்டுகளால் பழைய கடன்கள் அடைக்கப்பட்டன. 1951-ம் ஆண்டின் கடன் கொடுப்போர் சட்டம் தொழிலின் எல்லையை மேலும் சுருக்கியது.

நகரத்தார் வழி தவறான வழியென்று கூறுதல் பொருந்தாது. ஒரு நூற்றாண்டுக் காலம் வெற்றி கண்ட வழி அது. விரைந்து ஓட வேண்டிய பணம், நெடுங்காலம் பொறுக்க வேண்டிய நிலமாக உறைந்தபோதுதான் அது முறிந்தது. மூன்றாண்டுக்கு ஒருமுறை கணக்கு முடிக்கும் மேலாளால், முப்பது ஆண்டு காத்திருக்க வேண்டிய தோட்டத்தை வைத்து என்ன செய்ய இயலும்?

கிட்டங்கியிலிருந்து வங்கிக்கு

அச்சமூகத்திலேயே ஒருவர் காலத்தின் குறிப்பை முன்னதாக உணர்ந்தார். எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் 1937-ம் ஆண்டு பிப்ரவரி 10-ந் தேதி இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கினார். காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் அவ்வங்கி கதவு திறந்தது. பின்னர் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் கிளைகள் எழுந்தன. அப்பொழுது அவருக்கு வயது முப்பதும் நிறையவில்லை.

அவரது வழி கிட்டங்கி வழியினின்றும் வேறுபட்டது. கிட்டங்கியின் உயிர் ஒரு குடும்பத்தின் விலாசத்தில் இருந்தது. வங்கியின் உயிர் பல்லாயிரம் பேரின் வைப்புத்தொகையிலும், சட்டப்படி தணிக்கையாகி வெளியிடப்படும் கணக்கிலும் இருந்தது. கிட்டங்கியில் நட்டம் வந்தால் முதலாளியின் வீடும் போகும்; வரையறுத்த பொறுப்புள்ள கம்பெனியில் இட்ட முதலோடு நட்டம் நின்றுவிடும். 1954-ம் ஆண்டு மார்ச்சு 13-ந் தேதி சிங்கப்பூர் விமான நிலையத்தில் நேர்ந்த விபத்தில் சிதம்பரம் செட்டியார் உயிர் நீத்தார். வங்கியோ தொடர்ந்து நடந்தது. மனிதர் மறைந்தாலும் பணி நிற்காமல் செல்லும் அமைப்பே அவர் விட்டுச் சென்ற பெரு முதல் எனலாம்.

1969-ல் இந்திய அரசு அவ்வங்கியை நாட்டுடைமையாக்கியது. அயல்நாட்டு அரசுக்கு உடைமையான வங்கிகள் மலேசியாவில் இயங்கலாகாது என்ற விதி வந்தமையால், 1973-ல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, இந்தியன் வங்கி, யுனைடெட் கமர்ஷியல் வங்கி ஆகியவற்றின் மலேசியக் கிளைகள் இணைந்து யுனைடெட் ஏஷியன் வங்கி உருவாயிற்று. இப்பெயர் மீண்டும் வரும்.

தோட்டத் துண்டாடலும் பத்து வெள்ளியும்

1957-ல் மலாயா விடுதலை பெறுவதற்கு முன்னும் பின்னும் ஐரோப்பியக் கம்பெனிகள் பல தம் தோட்டங்களை விற்றுவிட்டுச் செல்ல முற்பட்டன. தரகர் கூட்டங்கள் அவற்றை மொத்தமாக வாங்கித் துண்டு துண்டாக விற்றன. ஒரு பெருந்தோட்டம் நூறு சிறு உடைமைகளாயின், புதிய உடைமையாளருக்குக் கூலியாள் வேண்டியதில்லை. மூன்று தலைமுறையாகப் பால் வெட்டிய குடும்பங்கள் வேலையை மட்டுமன்று, குடியிருந்த லயத்தையும், பிள்ளைகள் படித்த தமிழ்ப் பள்ளியையும், வழிபட்ட கோயிலையும் ஒருங்கே இழந்தன. துண்டாடலைப் பற்றிப் பேராசிரியர் உங்கு அசீஸ் தலைமையில் நிகழ்ந்த ஆய்வு இதன் விளைவுகளை விரித்துரைத்தது.

இந்நிலையில்தான் துன் வீ. தி. சம்பந்தன் 1960-ம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். ம.இ.கா.வின் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த அவர், தோட்டந்தோறும் சென்று, தொழிலாளரிடம் பத்துப் பத்து வெள்ளியாகப் பணம் திரட்டினார். 100 வெள்ளி கட்டியவர் பங்குதாரர் ஆவார். முதன்முதலில் கெடாவில் உள்ள புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. பின்னர் ஒன்றன்பின் ஒன்றாகப் பல தோட்டங்கள் சேர்ந்தன.

கோலாலம்பூரில் மலாயாப் பங்குச் சந்தை அமைந்து பொதுமக்கள் பங்கு வாங்கி விற்கத் தொடங்கியதும் அதே 1960-ம் ஆண்டே. ஒரே நகரில், ஒரே ஆண்டில், முதலீட்டின் இரு வேறு வாயில்கள் திறந்தன. ஒன்று, காலையில் வாங்கி மாலையில் விற்கத்தக்க தாள். மற்றொன்று, வாங்கியபின் விற்கவே கூடாது என்னும் எண்ணத்துடன் வாங்கிய மண்.

சம்பந்தன் வழியைச் சந்தை நோக்கில் பார்ப்பவர் அதில் பல குறை காண்பர். ரப்பர் என்னும் ஒரே பொருளில், ஒரே வகை உடைமையில், எல்லாப் பணமும் இடப்பட்டது. பரப்பி வைத்தல் என்னும் டெம்பிள்டன் கொள்கை அங்கு இல்லை. விலை ஏறும்போது விற்று ஆதாயம் காணும் நோக்கமும் இல்லை. ஆனால் பணம் யாருடையது என்று கேட்டால் அவ்வழியின் நுட்பம் விளங்கும். அது பால் வெட்டும் தொழிலாளியின் பணம். அவன் அறிந்த தொழில் ஒன்றே. அத்தொழிலில்தான் அவன் பணம் இடப்பட்டது. அவனுக்கு வேண்டிய முதல் ஆதாயம் வேலை நிலைப்பதும் வீடு நிலைப்பதும். தோட்டத்தைத் துண்டாடாமல் முழுதாக வாங்கியதால் அவை கிட்டின. பங்காதாயம் அதற்கு மேற்பட்டதே. தாம் நன்கறிந்த சிலவற்றில் மட்டும் இட்டுப் பொறுத்திரு என்று கெய்ன்ஸ் பட்டறிந்து கொண்ட பாடம், வேறொரு காரணத்தால், மலாயாத் தோட்டங்களில் நடைமுறைக்கு வந்தது.

சம்பந்தன் 1979-ல் காலமானார். சங்கம் ரப்பரோடு செம்பனையிலும் கட்டட உடைமையிலும் கால் ஊன்றித் தொடர்ந்து நடந்தது. பிரிக்ஃபீல்ட்ஸின் முதன்மை வீதி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

தாளாக மாறிய சேமிப்பு

1970-ம் ஆண்டில் மலேசியக் கம்பெனிகளின் பங்கு முதலில் இந்தியர் கையில் இருந்தது 1.1 விழுக்காடு மட்டுமே. புதிய பொருளாதாரக் கொள்கையின் கீழ் மலாய்ச் சமூகத்துக்குப் பல முதலீட்டு அமைப்புகள் எழுந்தன. இந்தியரும் ஒன்றுதிரண்டு பங்கு வாங்கினாலன்றி முன்னேற்றம் இல்லை என்னும் கருத்து வலுத்தது. அதன் விளைவாக 1982-ல் ம.இ.கா.வின் முயற்சியால் மைக்கா ஹோல்டிங்ஸ் என்னும் நிறுவனம் பதிவாயிற்று. ஏறத்தாழ 66,000 பேர் சேர்ந்து 106 மில்லியன் வெள்ளி திரட்டிக் கொடுத்தனர். அவர்களுள் மிகப் பலர் தோட்டத் தொழிலாளரும் சிறு ஊழியருமே. நகையை அடகு வைத்துப் பங்கு வாங்கிய குடும்பங்களும் உண்டு என்பது பலகாலும் பேசப்பட்ட செய்தி.

கூட்டுறவுச் சங்கத்துக்கும் மைக்காவுக்கும் பணம் வந்த இடம் ஏறத்தாழ ஒன்றே. பணம் சென்ற இடம் வேறு. தொழிலாளி கண்ணால் காணத்தக்க தோட்டத்துக்குப் பதிலாக, அவன் அறியாத நிறுவனங்களின் பங்குகளில் அது சென்றது. அவற்றுள் ஒன்று முன்னர்க் குறித்த யுனைடெட் ஏஷியன் வங்கி. எண்பதுகளின் நடுவில் நாட்டின் பொருளாதாரம் தளர்ந்தபோது அவ்வங்கி பெருநட்டத்தில் ஆழ்ந்து, மத்திய வங்கியின் தலையீட்டால் காப்பாற்றப்பட வேண்டியதாயிற்று. பின்னர் வேறொரு வங்கியுடன் இணைந்து பெயரும் மறைந்தது.

1990-ல் டெலிகாம்ஸ் நிறுவனம் தனியார்மயமானபோது, மைக்காவுக்கென ஒதுக்கப்பட்ட பங்குகள் ஒரு கோடி. அவற்றுள் மைக்காவுக்கு வந்தவை பத்து இலட்சமே. எஞ்சிய தொண்ணூறு இலட்சம் பங்குகள் வேறு மூன்று நிறுவனங்களுக்குச் சென்றன. அனைத்தையும் வாங்க மைக்காவிடம் பணம் இல்லை என்று தலைமை விளக்கம் கூறியது. அவ்விளக்கத்தை ஏற்றவரும் உண்டு, ஏற்காதவரும் உண்டு. ஆயினும் வரலாற்று நோக்கில் முதன்மையான செய்தி வேறொன்று. அம்முடிவு எடுக்கப்பட்டபோது, 66,000 பங்குதாரரிடம் யாரும் கேட்கவில்லை. அவர்கள் பின்னரே அறிந்தனர்.

மைக்கா பங்குச் சந்தையில் பட்டியலிடப்படவே இல்லை. ஆகவே பங்கு வைத்திருந்தவரால் விரும்பிய நாளில் விற்று வெளியேற இயலவில்லை. தோட்டம் தரும் பாதுகாப்பும் அதற்கு இல்லை. சந்தை தரும் வெளியேறும் வழியும் இல்லை. இறுதியில் 2010-ம் ஆண்டில் தொழிலதிபர் டான் ஸ்ரீ ஞானலிங்கத்தின் நிறுவனம் பங்கு ஒன்றுக்கு 80 சென் வீதம் கொடுத்து வாங்க முன்வந்தது.

இதன் பொருளை ஒரு சிறு கணக்கால் உணரலாம். ஊழியர் சேமநிதி வாரியம் 1984 முதல் 1987 வரை ஆண்டுக்கு 8.5 விழுக்காடும், 1988 முதல் 1994 வரை 8 விழுக்காடும் ஆதாயம் அளித்தது. 1984-ன் தொடக்கத்தில் அங்கு இருந்த ஒரு வெள்ளி, 1994-ன் முடிவில் 2 வெள்ளி 37 சென்னாக வளர்ந்திருக்கும். மைக்காவில் இட்ட வெள்ளிக்கு இடையில் பெற்ற ஆதாயம் எதுவாயினும், கால் நூற்றாண்டுக்குப் பின் கைக்கு வந்த விலை இட்ட ஒரு வெள்ளியையும் எட்டவில்லை. பொறுமை பங்குதாரரிடம் குறைவின்றி இருந்தது. கணக்குக் கேட்கும் வலிமைதான் இருக்கவில்லை. 1990-ம் ஆண்டிலும் இந்தியரின் பங்கு முதல் ஏறத்தாழ 1 விழுக்காட்டிலேயே நின்றது.

பிரிக்ஃபீல்ட்ஸில் பிறந்தவர்

இரயில்வே ஊழியர் குடியிருப்புகளாலும் தமிழ்ப் பள்ளிகளாலும் பெயர் பெற்ற பிரிக்ஃபீல்ட்ஸில், இலங்கைத் தமிழ் வழிவந்த குடும்பத்தில், 1938-ம் ஆண்டு பிறந்தவர் டான் ஸ்ரீ ஆனந்த கிருஷ்ணன். விவேகானந்தா தமிழ்ப் பள்ளியிலும் விக்டோரியா கல்விநிலையத்திலும் படித்து, மெல்பர்ன் பல்கலைக்கழகம் சென்று, 1964-ல் ஹார்வர்டில் வணிக நிர்வாகப் பட்டம் பெற்றார். எண்ணெய் வாணிகத்தில் முதற்பொருள் ஈட்டினார். 2024-ம் ஆண்டு நவம்பர் 28-ந் தேதி அவர் மறைந்தபோது, மலேசியாவின் பெருஞ்செல்வர் வரிசையில் முன்னணியில் நின்றவர்.

அவரது வழியை விளங்கிக்கொள்ளத் தஞ்சோங் நிறுவனத்தின் வரலாறே போதும். 1926-ல் இங்கிலாந்தில் ஈயம் அள்ளும் கம்பெனியாகப் பதிவான பழைய நிறுவனம் அது. அதனைக் கைக்கொண்டு, 1988-ல் தனியார்மயமான எண் பந்தயத் தொழிலான பான் மலேசியன் பூல்ஸை அதனுடன் சேர்த்தார். அத்தொழில் நாள்தோறும் ரொக்கம் தருவது. அந்த ரொக்கம் மின்னிலையங்களுக்கும் பிற பெருந்தொழில்களுக்கும் துணையாயிற்று. அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட் 1967-ல் காப்புறுதி நிறுவனம் ஒன்றை வாங்கி, வாடிக்கையாளர் முன்கூட்டிக் கட்டும் பணத்தை நெடுங்கால முதலீட்டுக்குப் பயன்படுத்திய முறையோடு இதனை ஒப்பிடலாம். ஓய்வின்றி வரும் ரொக்கம் ஒரு பக்கம் இருந்தால், மறுபக்கம் பல்லாண்டு பொறுக்க இயலும்.

அவரது இரண்டாவது உத்தி, பங்குச் சந்தையைக் குடியிருக்கும் வீடாகக் கொள்ளாமல், வேண்டும்போது நுழைந்து வெளியேறும் வாயிலாகக் கொண்டமை. மேக்சிஸ் தொலைபேசி நிறுவனத்தை 2002-ல் பட்டியலிட்டார். 2007-ல் பொதுமக்களின் பங்குகளைத் திரும்ப வாங்கிச் சந்தையிலிருந்து விலக்கினார். 2009-ல் மலேசியத் தொழிலை மட்டும் மீண்டும் பட்டியலிட்டு ஏறத்தாழ 11.2 பில்லியன் வெள்ளி திரட்டினார். அது அந்நாள் வரை தென்கிழக்காசியாவின் மிகப் பெரிய பங்கு வெளியீடு. அஸ்ட்ரோ தொலைக்காட்சி நிறுவனமும் 2010-ல் சந்தையினின்று விலகி 2012-ல் மீண்டது.

இவ்வழியும் பழுதற்றதன்று. தமிழகத்தில் தொடங்கிய ஏர்செல் நிறுவனத்தை மேக்சிஸ் வாங்கி இந்தியா முழுவதும் பரப்ப முனைந்தது. கடும் போட்டியில் அது நிற்க இயலாது 2018-ல் திவாலாயிற்று. கடன் கொடுத்த வங்கிகளும் பல கோடி இழந்தன. ஒரு குடும்பத்தை அழிக்கத்தக்க அந்நட்டத்தைத் தாங்கிய பின்னரும் அவர் செல்வராகவே இருந்தார். மேலும், அவர் ஏறிய படிகளுள் பல அரசாங்க உரிமங்கள் என்பதையும் மறுத்தற்கில்லை. தொலைபேசி, செயற்கைக்கோள், பந்தயம், மின்சாரம் ஆகிய யாவும் உரிமம் பெற்றோரே நடத்தத்தக்க தொழில்கள். இவரைப் பார்த்துப் பங்கு வாங்க விழையும் எளிய மனிதனிடம் அவ்வுரிமமும் இல்லை. அத்தகைய நட்டத்தைத் தாங்கும் தோளும் இல்லை.

கிள்ளானின் மேற்குக் கரை

மைக்கா பங்குகளை வாங்க முன்வந்த ஞானலிங்கத்தின் வழி மற்றொரு வகையினது. கிள்ளான் துறைமுகத்தின் ஒரு கூறான வெஸ்ட்போர்ட்ஸ், இண்டா தீவில், சதுப்பாக இருந்த நிலத்தில் எழுந்தது. 1994-ல் அதன் உரிமை தனியாரிடம் வந்தது. புகையிலை விற்பனையிலும் தொலைக்காட்சி விளம்பரத்திலும் பழகிய ஒருவர், கப்பல் கம்பெனிகளை ஒவ்வொன்றாக அழைத்து வந்து அத்துறைமுகத்தை வளர்த்தார். 2013-ல்தான் அந்நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்தது. இடையே ஏறத்தாழ இருபது ஆண்டுகள். 2023-ல் அவர் மறைந்தார். பல தொழில்களில் புகுந்து வெளியேறியவர் ஆனந்த கிருஷ்ணன். ஒரே துறைமுகத்தில் நின்று நிலைத்தவர் ஞானலிங்கம். இருவரும் வென்றனர். இருவரிடமும் பொதுவாக இருந்தது, தொழிலைத் தாமே நடத்தும் அதிகாரமும் காத்திருக்கத்தக்க முதலும்.

சரிவு நாட்கள் காட்டியவை

சந்தை உயரும்போது எல்லா வழிகளும் நல்வழிகளாகத் தோன்றும். வழிகளின் வேறுபாட்டைக் காட்டுவது சரிவே. 1985-ம் ஆண்டு டிசம்பரில் பான் எலக்ட்ரிக் என்னும் சிங்கப்பூர் நிறுவனம் வீழ்ந்தபோது, கோலாலம்பூர், சிங்கப்பூர்ச் சந்தைகள் மூன்று நாட்கள் மூடப்பட்டன. 1993-ல் விலைகள் வெறிகொண்டு ஏறி, 1994 ஜனவரியில் கோலாலம்பூர்க் குறியீட்டெண் 1,300-ஐத் தாண்டியது. அலுவலக எழுத்தரும் கடைக்காரரும் தரகர் அலுவலக விலைப்பலகை முன்னே நின்ற காலம் அது. 1997 பிப்ரவரியில் 1,270-க்கு மேல் நின்ற குறியீட்டெண், ஆசிய நாணய நெருக்கடியால் 1998 செப்டம்பர் முதல் நாள் 262-க்கு இறங்கியது. ஐந்தில் நான்கு பங்கு அழிந்தது.

அப்பொழுது முழுதும் அழிந்தவர் யாவர்? மோசமான பங்குகளை வைத்திருந்தவர் மட்டுமல்லர்; நல்ல பங்குகளைக் கடனுக்கு வாங்கியவரும் அழிந்தனர். விலை இறங்கியதும் கடன் கொடுத்தவர் ஈட்டை விற்றுவிட்டனர். சொந்தப் பணத்தில் அதே பங்கை வாங்கிப் பொறுத்திருந்தவர், விலை மீளும் நாளைக் காணும் வாய்ப்பையாவது பெற்றனர். 1932-ல் அம்பாங் வீதியில் நகரத்தாருக்கு நேர்ந்ததும், 1998-ல் அதே நகரின் சிறு முதலீட்டாளருக்கு நேர்ந்ததும் அடிப்படையில் ஒன்றே. பொறுக்க இயலாத பணம் பொறுக்க வேண்டிய பொருளில் சிக்கிக்கொண்டது.

கற்கத்தக்கவை

மேற்கூறிய வழிகளை ஒருங்கே நோக்கின், புகழ் பெற்ற முதலீட்டாளரிடம் கற்க வேண்டுவது யாதென்பது தெளிவாகும். அவர் வாங்கிய பங்கின் பெயரைக் கற்பதால் பயன் சிறிதே; அவர் கையில் இருந்த பணத்தின் தன்மையைக் கற்பதே முதற்பணி. கிங்ஸ் கல்லூரியின் நிதி நூற்றாண்டுகள் பொறுக்கும். ஆதலின் கெய்ன்ஸ் பொறுத்தார். பந்தய ரொக்கம் நாள்தோறும் வந்தது. ஆதலின் ஆனந்த கிருஷ்ணன் துணிந்தார். மகளின் திருமணத்துக்கோ மகனின் படிப்புக்கோ மூன்று ஆண்டில் வேண்டியிருக்கும் பணத்தை, பத்தாண்டு பொறுக்க வேண்டிய பங்கில் இடுபவர், பஃபெட்டின் வழியில் நடப்பதாக எண்ணினாலும் உண்மையில் அவ்வழியில் நடப்பவரல்லர்.

அடுத்து, பலருடைய சிறு பணத்தைத் திரட்டி முதலீடு செய்யும் எந்த அமைப்பையும் அதன் தலைவரின் புகழால் அளத்தல் தகாது. ஆண்டுதோறும் தணிக்கையான கணக்கு வருகிறதா, பொதுக்கூட்டத்தில் சாதாரண உறுப்பினர் எழுந்து கேள்வி கேட்க இயலுமா, வேண்டாமென்றால் பங்கை விற்று வெளியேற வழி உண்டா என்று பார்த்தல் வேண்டும். சம்பந்தன் திரட்டிய பத்து வெள்ளிக்கும் மைக்கா திரட்டிய ஒரு வெள்ளிக்கும் பின்னால் இருந்தது ஒரே வகை உழைப்பு: விடியுமுன் எழுந்து மரத்துக்கு மரம் நடந்த உழைப்பு. முன்னதில் அது வேலையையும் கூரையையும் காத்தது. பின்னதில் அது கால் நூற்றாண்டு காத்திருந்து 80 சென்னாகத் திரும்பியது.

கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழ் இளைஞர் இன்று கைப்பேசியிலேயே பங்கு வாங்கும் வசதி பெற்றுள்ளனர். அம்பாங் வீதி மேலாள் கடன் கேட்டு வந்தவனை நேருக்கு நேர் அமர்த்தி விசாரித்த பின்னரே பெட்டியைத் திறந்தான். அவ்விசாரணைக்கு இன்று வேண்டுவன ஓர் ஆண்டறிக்கையும் ஒரு மாலைப் பொழுதும் மட்டுமே. அவற்றைச் செலவிட மனமில்லாதவருக்கு, சேமநிதி போன்ற எளிய வழிகள் எப்பொழுதும் திறந்தே இருக்கின்றன. அவற்றைத் தேர்வதில் இழுக்கொன்றும் இல்லை.